முதல் நாளே எழுதிய குறிப்பு

எங்கள் நகரமன்ற அலுவலகத்தில் அவருக்கு ஒருமனது என்று பெயர். மன்றக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பை இருபத்திரண்டு வருடமாக எழுதுகிறவர் அவர்தான். ஒவ்வொரு பொருளுக்கும் கீழே 'ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று எழுதி எழுதி அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நான் பிறப்பு இறப்புப் பதிவில் இருக்கிறேன். வருகிறவர்களும் போகிறவர்களும் என் பொறுப்பு, நடுவில் நடக்கிற கூத்தெல்லாம் அவர் பொறுப்பு என்று கேலி பேசிக்கொள்வோம். எங்கள் மேஜைகளுக்கு இடையே ஒரு பீரோ அகலம்தான் இருக்கும். அவர் பெருமூச்சு விட்டால் என் காகிதம் பறக்கும்.

பெருமூச்சுக்குக் குறைவே இல்லை, பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் நிறுத்தம் வரை வந்தவர், திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு வருவார். அவருடைய மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர். ஒருமுறை என்னிடம், "கல்யாண போட்டோவுல பாத்தீங்கன்னாகூட, மேலதிகாரிக்கு விளக்கம் சொல்ற மாதிரிதான் நிக்கிறாரு" என்றார். கடைநிலை ஊழியராகச் சேர்ந்து, இரவுக் கல்லூரியில் படித்து, தட்டச்சு கற்று இந்த நாற்காலிக்கு வந்த மனிதர். ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. அதுவரை ஒரு மெமோகூட வாங்கியதில்லை.

அந்தப் பயம்தான் அவருக்கு ஒரு வழக்கத்தைக் கொடுத்தது. கூட்டத்துக்கு முந்தின நாளே நிகழ்ச்சி நிரலைப் பார்த்துக் குறிப்பை அடித்து முடித்துவிடுவார். எங்கள் மன்றம் எதையும் மறுத்துப் பழக்கமில்லாதது. யாராவது கை தூக்கி எதிர்த்தால் அந்த வரியை மட்டும் மாற்றுவார். உறுப்பினர்கள் மாடிப்படி இறங்குவதற்குள் குறிப்பு கையெழுத்துக்குத் தயாராகிவிடும், செயலாளரும் மெச்சிக்கொள்வார். எனக்கு மட்டும் அது ஆகாது.

"நடக்காததையெல்லாம் எழுதறீங்களே சார்?"

"நடக்கப்போறதுதானேம்மா?"

இதற்கு மேல் அவரோடு மல்லுக்கு நிற்க எனக்கும் நேரமில்லை.

அன்று மாதக் கூட்டம். பதினொன்றாம் வட்டத்து உறுப்பினருக்கு அதுதான் கடைசிக் கூட்டம். தையல்கடை வைத்திருக்கும் அம்மா அவர், ஊழியர்கள் எல்லோருக்கும் தையலக்கா. கணவருக்குப் பக்கவாதம் வந்துவிட்டதால் மகன் இருக்கும் ஊருக்குக் குடிபோகிறார். ராஜினாமா கொடுத்துவிட்டார். கூட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது நேராக ஒருமனது மேஜைக்கு வந்தார்.

"தம்பி, போன மாசம் பாஸான மருந்தகத் தீர்மானம் இருக்குல்ல, அதுல ஒரு நகல் கொடு. நர்ஸ் கையில கொடுத்துட்டுப் போயிடறேன்."

அவருடைய வட்டத்தில் நகராட்சி நடத்துகிற, டாக்டரும் நர்ஸும் இருக்கும் மருந்தகம் பிற்பகல் மூன்று மணிக்கே மூடிவிடும். வேலைக்குப் போகிற பெண்கள் காய்ச்சல்காரக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிற ஆறு மணிக்குக் கதவில் பூட்டுத்தான் தொங்கும். அதை இரவு எட்டு வரை திறந்து வைக்க வேண்டும் என்று பத்து வருடம் மன்றாடியிருக்கிறார். போன மாதம்தான் பலித்தது.

ஒருமனது பதிவேட்டைப் புரட்டினார். இன்னொரு முறை புரட்டினார். "மத்தியானம் தரேன்க்கா" என்று சொல்லி அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார். முகத்தில் ஈயாடவில்லை.

"ஏம்மா, அது இதுல இல்ல."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. அந்தத் தீர்மானம் நிகழ்ச்சி நிரலில் இல்லாதது. எல்லாம் முடிந்து, வீட்டுக்குப் போகிற அவசரத்தில் எல்லோரும் பையை எடுக்கும்போது அக்கா எழுந்து நேரடியாகக் கொண்டுவந்தார். தலைவர் சரி என்றார், எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். இவரோ முதல் நாளே அடித்து வைத்த குறிப்பில் கையெழுத்து வாங்கிவிட்டார். அக்கா எழுவதற்கு முன்பே, கூட்டம் முடிந்தது என்று பேனாவை மூடியாகிவிட்டது. அது அச்சாகி உறுப்பினர்களுக்கும் போய்விட்டது, ஒருவரும் படிக்கவில்லை.

இன்று முதல் பொருளே சென்ற கூட்டக் குறிப்பை உறுதி செய்வது. உறுதி செய்துவிட்டால் அதில் இல்லாத தீர்மானம் நிறைவேறவே இல்லை என்றாகிவிடும். அக்காவும் இன்றோடு போகிறார். அவருக்குப் பிறகு அந்த மருந்தகத்தைப் பற்றிப் பேச நாதியில்லை.

"செயலாளர்கிட்ட போய்ச் சொல்லுங்க சார்."

போனார். ஐந்தே நிமிடத்தில் திரும்பினார். சட்டை முதுகு நனைந்திருந்தது.

"யாரும் கேக்கலல்ல, அப்படியே விடுய்யாங்கறாரு. வெளிய தெரிஞ்சா விசாரணை வருமாம். எட்டு மாசத்துல ஓய்வு, பென்ஷனை நினைச்சுப் பாருங்கறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரிங்க சார்னு சொன்னேன்."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் மறுபடியும் அந்தப் பதிவேட்டையே புரட்டத் தொடங்கியதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

கூட்ட நாளில் எல்லாப் பிரிவுக்காரர்களும் கோப்போடு மன்றக்கூடத்தின் பின்வரிசையில் உட்கார வேண்டும். ஒருமனதுக்குத் தலைவர் மேடைக்குக் கீழே தனி மேஜை. ஊழியர்கள் அங்கே கேட்டால் ஒழிய வாய் திறக்கக் கூடாது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் அந்தக் கூடத்தில் தும்மியதுகூட இல்லை.

"சென்ற கூட்டக் குறிப்பு, ஆட்சேபணை உண்டா, இல்லை, உறுதி செய்யப்பட்டது" என்று தலைவர் ஒரே மூச்சில் சொன்னார். ஒருமனது எழுவார் என்று பார்த்தேன். நாற்காலிக் கையைப் பிடித்தார், அவ்வளவுதான்.

அப்புறம் குழாய் உடைப்பு, தெருவிளக்கு, குப்பை வண்டிக்கு டயர், மயானச் சுவர் என்று முப்பத்தாறு வரை எல்லாப் பொருள்களும் மளமளவென்று நிறைவேறின. அவர் தலை நிமிரவே இல்லை. முப்பத்தேழாவது பொருள் பிரிவு உபசாரம். முன்பு அக்காவை முறைத்துக்கொண்டு திரிந்தவர்களெல்லாம் எழுந்து புகழ்ந்தார்கள். தலைவர் பூங்கொத்து கொடுத்தார். அக்கா நன்றி சொல்ல எழுந்து, சுருக்கமாகத்தான் பேசினார். கடைசியில், "மருந்தகம் எட்டு மணி வரைக்கும் திறந்திருக்கும்னு வீடு வீடா சொல்லிட்டேன். அது போதும் எனக்கு" என்றார்.

நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. ஒருமனது எழுந்து நின்றிருந்தார்.

"அது குறிப்புல இல்லைங்க" என்றார். "நான்தான் விட்டுட்டேன். கூட்டத்துக்கு முந்தின நாளே எழுதி வெச்சிட்டேன். எம்மேல தப்பு."

செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். தலைவர், "உறுதி செஞ்சதைத் திறக்க முடியாதே" என்றார்.

அக்கா உட்காரவில்லை. "என் ராஜினாமா முப்பத்தெட்டாவது பொருள்தானே? அதுவரைக்கும் நான் உறுப்பினர்தானே?"

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினார்.

"அப்ப மறுபடியும் கொண்டுவரேன். ஓட்டெடுங்க."

போன மாதம் மேஜையைத் தட்டியவர்களுக்கு இப்போதுதான் செலவு கண்ணில் பட்டது. ஆள் பற்றாக்குறை என்றார் ஒருவர். மற்ற வட்டங்களும் கேட்குமே என்றார் இன்னொருவர். கைகளை எண்ணுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஆதரவு பத்தொன்பது, எதிர்ப்பு பதினொன்று. அதை ஒருமனது பேனாவால் எழுதினார். பிறகு முப்பத்தெட்டையும் முடித்து, அக்காவை உறுப்பினர் இல்லாதவராக ஆக்கிவிட்டு எல்லோரும் தேநீருக்குப் போனார்கள்.

அக்கா நகலுக்காகக் கீழே வந்தார். ஒருமனதுக்கு அதற்குள் மெமோ தயாராகிக்கொண்டிருந்தது, அதை அக்காவிடம் நாங்கள் சொல்லவில்லை. கையெழுத்திட்ட நகலை வாங்கிப் படித்துப் பைக்குள் வைத்தார். அப்போதுதான் மேஜைமேல் இருந்த தட்டச்சுத் தாள் அவர் கண்ணில் பட்டது. எடுத்து வாய்விட்டுப் படித்தார்.

"உறுப்பினர் கண்கலங்கி நன்றி தெரிவித்தார். தமது பணி மனநிறைவு அளித்ததாகக் குறிப்பிட்டார்." நிமிர்ந்தார். "இத எப்ப அடிச்ச?"

"நேத்து சாயங்காலம்க்கா."

"பத்து வருஷமா நான் எந்திரிச்சு எந்திரிச்சுப் பேசினதெல்லாம் இப்படித்தானா?"

ஒருமனது குனிந்து மேஜை இழுப்பறையைத் திறந்தார், மூடினார். எனக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அக்காவுக்குக் கோபம் வந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

"நான் அழலையே தம்பி" என்றார்.

ஒருமனது தாளை வாங்கி அந்த இரண்டு வரிகளையும் கோடு போட்டு அடித்தார். அடித்த இடத்துக்கு மேலே பேனாவை வைத்தார். பேனா நகரவில்லை. அவ்வளவு நேரம் எழுவதா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்த மனுஷனுக்கு மருந்தகம் என்ற ஒரு பேச்சைத் தவிர அக்கா சொன்னது எதுவும் காதில் விழுந்திருக்கவில்லை. உதவி கேட்டு என்னைப் பார்த்தார். நான் மட்டும் என்ன யோக்கியம், அவரையே பார்த்துக்கொண்டிருந்ததில் நானும் கேட்கவில்லை.

அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பூங்கொத்தை என் மேஜையில் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"சரி, சொல்றேன். எழுது."