மேட்டுப்பக்கப் பலகை

எங்கள் ஊர்ப்பக்கம் குதிரை பூட்டிய புல்லறுப்பு மிஷினில் ஏறி உட்கார்ந்த ஒரே பெண்பிள்ளை நான்தான். இதைச் சொல்லும்போது இந்த வயதிலும் முதுகு தானாக நிமிர்ந்துகொள்கிறது.

வில்லியனூருக்கு வடக்கே ஊசுட்டேரியைத் தாண்டினால் நஞ்சை முடிந்து செம்மண் மேடு தொடங்கும். அந்த மேட்டில் ஒரு வெள்ளைக்காரத் துரைக்கு நிலம் இருந்தது. அப்பா அதற்கு மேஸ்திரி. துரைக்குப் பயிர்பச்சையில் நாட்டமில்லை, குதிரைகளென்றால் உயிர். மழை ஓய்ந்ததும் சரிவு முழுக்கக் கொழுக்கட்டைப்புல் இடுப்பு உயரத்துக்கு நிற்கும். தையில் அதை அறுத்துக் காயவைத்துப் போர் போட்டுவிட்டால் கோடை முழுக்கக் குதிரைக் கொட்டடியில் கவலையில்லை. ஆனால் அதே தையில்தான் சம்பா அறுப்பு. பாகூர்ப் பக்கம் கதிரறுக்கப் போன ஆள்கள் திரும்பி வருவதற்குள் பாதிப் புல் நின்றபடியே முற்றி விறைத்துவிடும்.

அதற்காகத் துரை கப்பலில் வரவழைத்ததுதான் அந்த மிஷின். இரண்டு இரும்புச் சக்கரம், நடுவில் ஓர் இரும்பு இருக்கை, வலது பக்கம் தரையோடு தரையாக நீட்டிக்கொண்டிருக்கும் ஐந்தடிக் கத்திப்பட்டை. சக்கரம் உருள உருளக் கத்திகள் இப்படியும் அப்படியும் ஓடிப் புல்லை அறுக்கும். சமதரையில் பிரமாதமாக அறுத்தது. சரிவில் இறக்கியதும் கத்திப் பக்கம் கீழே இழுக்க, மேட்டுப்பக்கச் சக்கரம் அந்தரத்தில் எழும்பி, வண்டி குப்புற விழுந்தது. குதிரைக்காரருக்குக் கால் முறிந்தது. அன்றோடு மிஷின் கொட்டகைக்குள் போயிற்று. எங்கள் கோழிகள் அதன்மேல் ஏறி அடைந்தன.

மறு வருஷம் துரை அப்பாவைக் கூப்பிட்டு, இந்தத் தையிலும் புல் வீணானால் நிலத்தையே விட்டுவிடப் போவதாகச் சொன்னார். அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

அப்போது எங்களோடு இருந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக, அவர்கள் பாஷையில் சொல்தாவாகப் போய், சீமையில் மூன்று வருஷம் குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். திரும்பி வந்தபின் ஒரு வேலையும் பிடிபடாமல், சாப்பாட்டு நேரத்தில் மட்டும் கண்ணில் படுவார். "சோறு திங்கற சொல்தா" என்று ஊரில் பெயர். அப்பாவும் அதைச் சொல்லியிருக்கிறார், அம்மா காதில் விழும்படியாகவே.

மாமா கொட்டகைக்குள் போய்க் கோழிகளைத் துரத்திவிட்டு மிஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார். தரையில் குந்தியபடி அதை ஒருக்களித்துப் பார்த்தார். பிறகு சக்கரங்களைக் கழற்றி வண்டியில் போட்டு வில்லியனூர்க் கொல்லரிடம் கொண்டுபோனார். சக்கரம் வழுக்காமல் மண்ணைக் கவ்வுவதற்காக விளிம்பில் சாணுக்கொன்றாக இரும்புப் பட்டைகளைக் குறுக்கே வைத்து அறைந்தார்கள். இடது பக்கம், சக்கரத்தைத் தாண்டி மூன்று முழம் வெளியே நீளும்படி ஒரு வேங்கைப் பலகையை அச்சோடு சேர்த்து முடுக்கினார்கள். அதில்தான் சூட்சுமம். மேட்டுப்பக்கம் எப்போதும் இடது கையாக இருக்கும்படி ஒரே திசையில் அறுக்க வேண்டும். முடிவில் கத்தியைத் தூக்கிக்கொண்டு சும்மா திரும்பி வரவேண்டும். பலகையில் பாரம் இருந்தால் வண்டி கவிழாது.

முதலில் மண்மூட்டையைக் கட்டிப் பார்த்தார். பள்ளத்தில் இறங்கியபோது மூட்டை நகர்ந்துவிட்டது, வண்டி ஆடி நின்றது. "மூட்ட மேட்டுப்பக்கமா சாயாது, ஆளுதான் சாய்வான்" என்றார் மாமா.

துரை பார்க்க வந்த அன்று காலையில் சரிவில் இருபது பேருக்குமேல் கூடியிருந்தார்கள். கால் முறிந்த குதிரைக்காரரும் கம்பூன்றி வந்திருந்தார். மாமா இருக்கையில் ஏறிக் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, "பலகையில ஒரு ஆளு வாங்கப்பா" என்றார்.

யாரும் அசையவில்லை.

"ஆள முழுங்கற வண்டிடா அது" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். மாமா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து அப்பாவின் முகத்தில் நிறுத்தினார். அப்பா குனிந்து குதிரையின் குளம்பைப் பார்த்தார். துரை பையிலிருந்து கடிகாரத்தை எடுத்தார்.

ஆள்களுக்குக் கூழ் கொண்டுவந்திருந்த அம்மா பானையை இறக்கி வைத்துவிட்டு என் கையைப் பிடித்து விடுவிடுவென்று முன்னால் வந்தாள்.

"எந் தம்பி கட்டுன வண்டி. எம் பொண்ணு ஒக்காருவா. ஏறுடி."

"யக்கா, வோணாம்" என்றார் மாமா. அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

"கவுறுமா?"

"கவுறாது."

"அப்ப ஓட்டு."

எனக்குப் பத்து வயது. கொஞ்சம் பூசினாற்போல் இருப்பேன். போதாத பாரத்துக்கு அரைமூட்டை மண்ணை என் பக்கத்தில் வைத்துப் பனைநார்க் கயிற்றால் இறுக்கினார்கள். குதிரைகள் நகர்ந்ததும் கத்திகள் கடகடவென்று கத்த ஆரம்பித்தன. எனக்குப் பக்கத்தில் சக்கரம் மண்ணைக் கடித்துக்கொண்டு உருண்டது. வலது பக்கம் புல் வரிசையாகப் படுத்துக்கொண்டே வந்தது. கவுதாரிகள் விர்ரென்று எழுந்தன. "சாய்!" என்று மாமா கத்தும்போதெல்லாம் பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மேட்டுப்பக்கம் சாய்ந்தேன். ஓர் இடத்தில் வண்டி ஒரு கணம் யோசிப்பதுபோல் நின்று தூக்கிப்போட்டது. இன்னும் சாய்ந்தேன். தொப்பென்று சக்கரம் தரையில் உட்கார்ந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகவே சிரித்தேன்.

சரிவின் கோடிவரை போய்த் திரும்பினோம். நாங்கள் போன வழியில் ஐந்தடி அகலத்துக்குப் புல் படுத்துக் கிடந்தது. துரை தொப்பியைக் கழற்றி என்னைப் பார்த்து ஏதோ பிரெஞ்சில் சொன்னார். குதிரைக்காரர் கம்பை ஊன்றியபடி சக்கரத்தருகே வந்து, அந்த இரும்புப் பட்டைகளை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். மாமா இறங்கவேயில்லை. கடிவாளம் பிடித்த கைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அம்மா என்னை இறக்கினாள். அவள் இடது கையில் ஒரு கண்ணாடி வளையல்கூட இல்லை, மணிக்கட்டில் ரத்தம், வலது உள்ளங்கையில் கண்ணாடித் துகள்.

"இன்னாம்மா வளையல்?"

"பானையில இடிச்சிக்கினேன்."

நம்பினேன். அடுத்த சந்தையில் வேறு வளையல் வாங்கிக்கொள்ளலாம் என்று ஆறுதல்கூடச் சொன்னேன்.

அன்று சாயங்காலம் தெருவே மாமாவைத் தேடி வந்தது. அப்பா மட்டும் மாட்டுத் தொட்டிப் பக்கம் தனியாக உட்கார்ந்திருந்தார். அம்மா வைத்த சோறு ஆறிக் கிடந்தது. இருவரும் பேசிக்கொள்ளவில்லை. எனக்குக் காரணம் தெளிவாகத் தெரிந்தது. இத்தனை பெரிய சவாரி எனக்குக் கிடைத்து அவருக்குக் கிடைக்காமல் போனதில் அப்பாவுக்குப் பொறாமை. பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அப்பா, நாளைக்கி நீ ஒக்காந்துக்க. நான் ஒக்காந்தாச்சில்ல."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். என் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக, எண்ணிக்கை சரிபார்ப்பவர்போல் தடவினார்.

மறுநாள் விடிந்து நான் சரிவுக்கு ஓடியபோது அப்பா ஏற்கெனவே பலகையில் ஏறியிருந்தார். மாமா குதிரைகளைத் தட்டினார். அப்பா மேட்டுப்பக்கம், விழுந்துவிடுவாரோ என்று தோன்றுமளவுக்குச் சாய்ந்தார். புல் தீர்கிற வரைக்கும் அந்தப் பலகையில் அவர் வேறு யாரையும் ஏறவிடவில்லை. நான் விட்டுக்கொடுத்த இடத்தை அவர் எவ்வளவு ஆசையாக வைத்துக்கொண்டார் என்று வருவோர் போவோரிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.