தாய்வீட்டுக்குப் போன விலாங்கு

அவன் மலையில் இருந்தது மொத்தமே இரண்டு நாள். நான் அங்கே இரண்டு வருஷமாகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் அவனைப் பற்றி நல்லதாக ஏதாவது வந்தால், பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதியிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அருகிவரும் விலாங்கு மீனைப் பற்றிய ஓர் ஆராய்ச்சியில் அவனும் நானும் உதவியாளர்கள். விலாங்கு கடலில் பிறக்கிறது. விரல் நீளக் குஞ்சாக முகத்துவாரத்துக்குள் நுழைந்து, ஆற்றை எதிர்த்து ஏறி, மலை ஓடைகளில் வருஷக்கணக்காக வளர்கிறது. முட்டையிடும் பருவம் வந்ததும் மறுபடி கடலுக்கே போகிறது. எங்கள் பேராசிரியர் அந்த மீனை இரண்டாகப் பங்கு போட்டார். குஞ்சு அவனுக்கு, கிழடு எனக்கு. பாலாறு கடலில் கலக்குமிடத்தில் அவனுக்கு ஒரு படகும், கடற்காற்று வீசும் வாடகை வீடும் கிடைத்தன. எனக்குக் கிடைத்தது ஜவ்வாது மலை. கைக்குழந்தையை ஆலங்காயத்தில் அம்மாவிடம் விட்டுவிட்டு, வாடகை ஜீப்பில் புளிமூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து போய் வந்துகொண்டிருந்தேன். அவனுடைய, கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும் குஞ்சுகளின் படம் பத்திரிகையில்கூட வந்தது. என் விலாங்குகளைப் படம் பிடிக்க யாரும் வரவில்லை. பார்க்கவும் அவை அப்படியொன்றும் லட்சணமாக இருக்காது.

என் பிரச்சினை எல்லாம் ஒரே ஒரு மடு. நெல்லிவாசல்நாட்டில், ஊருக்குக் கீழே, ஓடை வற்றினாலும் வற்றாத மடு அது. சுற்றுவட்டாரத்தில் பெரிய விலாங்குகள் மிஞ்சியிருந்தது அங்கே மட்டும்தான். வருஷா வருஷம் கோடையில் திருவிழாவுக்கு முன்னால் ஊரார் மருக்காரைக் காயை இடித்து மடுவில் கலப்பார்கள். மீன்கள் மயங்கி மிதக்கும். அள்ளிக் குழம்பு வைத்து ஊரே கூடிச் சாப்பிடும். இன்னும் ஒன்றிரண்டு கோடை இப்படிப் போனால் அங்கே விலாங்கு என்ற பேச்சே இருக்காது.

நான் கெஞ்சினேன். மிரட்டினேன். இனம், பெருக்கம், பாதுகாப்பு என்று தெரிந்ததையெல்லாம் சொன்னேன். "மீன் பிடிக்காதீர்" என்று தகரப் பலகை எழுதி நட்டேன். அடுத்த முறை போனபோது அது ஓர் ஆட்டுப்பட்டிக்குக் கதவாக இருந்தது.

"மீனு துன்னாம இன்னா டீச்சரே திருவிழா?" என்றார் ஊர்க்கவுண்டர். படித்த பெண் யாராக இருந்தாலும் அவர்களுக்கு டீச்சர்தான்.

மூன்றாவது கோடையில், காயை இடிக்கப்போகும் வாரத்தில், அவன் வந்தான். பெரிய விலாங்கை ஒருமுறையாவது கண்ணால் பார்க்க வேண்டுமாம். வந்த அன்று மாலையே வேப்பமரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சாமைச் சோற்றை ஏதோ பிறந்ததிலிருந்து அதைத்தான் சாப்பிடுகிறவன்போல வழித்துச் சாப்பிட்டான். எனக்கு முதல் ஆறு மாதம் அது தொண்டையில் இறங்கவே இல்லை. பெண்கள் அவனுக்கு இரண்டாவது முறை போட்டார்கள். எனக்கு அப்போதே வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

ஊர்க்கவுண்டர் அவனிடமும் அதே மீன் நியாயத்தைப் பேசினார். அவன் மறுக்கவே இல்லை. "தாராளமா சாப்புடுங்க. ஆனா அந்தப் பெரிய வெலாங்கு எல்லாம் பொம்பளைங்க. கடல்தான் அதுங்களுக்குத் தாய்வீடு. பிரசவத்துக்குப் போகத்தான் மழைக்குக் காத்துக்கிட்டு இருக்குதுங்க" என்றான்.



"பாலாத்துல தண்ணி ஏது தம்பி?" என்று ஒருவர் கேட்டார்.

"வெள்ளம் வர்ற அன்னிக்குக் கெளம்பிடும். ஈரம் இருந்தாப் போதும், புல்லு மேலகூட ஊர்ந்து போகும். புள்ளத்தாச்சி தாய்வீட்டுக்குப் போறப்ப வழி பாப்பாளா?"

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் உயர்ந்தது. "தாய்வூட்டுக்குக் கெளம்பி நிக்கிறவளுக்கா மருந்து வெக்கிறீங்க? நல்லாருக்குதுய்யா ஒங்க திருவிழா!"

அவ்வளவுதான். அந்த வருஷம் காய் இடிபடவில்லை. திருவிழாவுக்குக் கோழி அடித்தார்கள்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. ஆத்திரம்தான் வந்தது. தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போய்வந்தவள் நான். ஏழாம் மாதம் வளையல் குலுங்க ஆலங்காயத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியவள் நான். அந்த ஒரு வாக்கியம் என் வாயில் வந்திருக்க வேண்டும். கல்யாணமே ஆகாத அந்தத் தடியன் வாயிலா வரவேண்டும்?

அவன் அப்படிப் பேசிய மறுநாளே, அவனை ஜீப் ஏற்றிவிடப் போகும்போது கேட்டேன். "முட்டை போட்டதும் தாய் அங்கேயே செத்துப்போயிடும். அதை ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா மடு தப்பிச்சிருக்குமா மேடம்?" என்று சிரித்தான்.

அவன் சொன்னது சரி. அதுதான் தாங்கவில்லை.

அதன்பிறகு நான் எப்போது மலை ஏறினாலும் முதல் கேள்வி, "தம்பி எப்ப வர்றாரு?" என்பதுதான். ஐப்பசியில் மழை பிடித்து ஓடையில் செந்நீர் இறங்கியபோது, பெண்கள் மடுவுக்குக் கிளம்பினார்கள். புள்ளத்தாச்சியை வெறுங்கையோடு அனுப்பலாமா என்று மஞ்சள், பூ, கண்ணாடி வளையல் எல்லாம் எடுத்துக்கொண்டார்கள். அழைத்துப் போகவேண்டிய தாய்வீட்டு அண்ணன் அவன்தானாம். கடற்கரையில் வேலை என்று அவன் வரவில்லை. "பாவம், தம்பிக்கு அங்க இன்னா கஷ்டமோ" என்றார்கள். நான் ஒரு வாரம் வராவிட்டால் டீச்சர் டிமிக்கி கொடுத்துவிட்டதாகப் பேசுகிறவர்கள் அவர்கள்.

"அப்ப நான் யாரு?" என்று கேட்டேன்.

"நீங்கதான் இங்கியே வெச்சிப் பாத்துக்கிட்டீங்க. நீங்க மாமியாரு" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அண்ணன் பதவி அவனுக்கு, மாமியார் பதவி எனக்கு.

பாறையில் மஞ்சளும் பூவும் வைத்தார்கள். வளையல்களை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டார்கள். மடு கலங்கியிருந்தது, உள்ளே ஒன்றும் தெரியவில்லை. மாமியார் உத்தரவு கொடுக்க வேண்டும் என்றார்கள். "போய்ட்டு வா" என்று தண்ணீரைப் பார்த்துச் சொன்னேன்.

என் பக்கத்தில் நிறைமாதமாக ஒரு பெண் நின்றிருந்தாள். தலைப்பிரசவம். அடுத்த வாரம் மலைக்கு அந்தப் பக்கம் தாய்வீட்டுக்கு நடந்தே போகப் போகிறவள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"டீச்சரே, புள்ளய பெத்துக்கினு நல்லபடியா திரும்பி வந்துருவா இல்ல? தம்பி அத சொல்லலையே."

அவன் சொல்லாதது. அந்த மலையில் எனக்கு மட்டும் தெரிந்தது. மாதக்கணக்காக அவன் பெயரைக் கேட்டுக் கேட்டுப் புழுங்கிக்கொண்டிருந்த எனக்கு, அவன் கதையை உடைக்க ஒரு வார்த்தை போதும். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துருவாம்மா. குழந்தையோட வருவா" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. மற்றவர்கள் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னாள்.

"டீச்சரே ஒத்துக்கிட்டாங்க. தம்பி சொன்னதுதான் நெசமாம்."