வாயால் சொன்ன தாளம்

எண்பதுகளின் நடுவில் நாங்கள் பினாங்குக்குப் பக்கத்தில் சுங்கைப் பட்டாணியில் குடியிருந்தோம். மாதா கோயிலில் ஆர்கன் வாசிக்கப் பழகிய நான், சனி ஞாயிறுகளில் கல்யாண வீடுகளுக்குப் போகும் ஓர் இசைக்குழுவிலும் வாசித்தேன். அதே குழுவில் என் கணவர் டோலக் அடிப்பார். அவருக்கு ரப்பர் தொழிற்சாலையில் வேலை. ஒருநாள் ஷீட் அழுத்தும் உருளையில் அவருடைய வலது கை மாட்டிக்கொண்டது. உயிர் பிழைத்தார், விரல்கள் போய்விட்டன.

காயம் ஆறிய பிறகும் டோலக்கின் உறையை அவர் கழற்றவில்லை. வீட்டில் பேச்சும் நின்றுபோனது. அந்தச் சமயத்தில் குழுத் தலைவர் பினாங்கிலிருந்து ஒரு ரிதம் பெட்டி வாங்கி வந்தார். நாம் பதிந்து வைக்கும் அடிகளை அது திரும்பத் திரும்ப வாசிக்கும்.

"தங்கச்சி, இனிமே இதையும் நீயே பாத்துக்கோலா" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டேன். என் கணவருடைய இடத்துக்கு வந்த பெட்டி வேறு யார் கைக்கும் போக வேண்டாம் என்று தோன்றியது.

அதில் ஏற்கெனவே இருந்ததெல்லாம் டிஸ்கோவும் வால்ட்ஸும்தான். நம் டப்பாங்குத்துக்கு எதுவும் ஒட்டவில்லை. நாமே புதிதாகத்தான் போட வேண்டும். ஒரு சுற்றுக்குப் பதினாறு கட்டம். எந்தக் கட்டத்தில் எந்த அடி என்று ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். சமையலை முடித்துவிட்டுச் சாயங்காலமெல்லாம் அதோடு மல்லுக்கட்டினேன். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் தாளம் நொண்டியது. அவர் வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் விடுவதாக இல்லை. அழிப்பேன், மறுபடியும் அழுத்துவேன்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் எழுந்து உள்ளே வந்துவிட்டார்.

"ஐயோ, காது வலிக்குதுலா! கடைசியில நாலு கட்டம் சும்மா கெடக்கு, அதான் இழுக்குது. இது பன்னெண்டுல திரும்பணும்."

"திரும்ப மாட்டேங்குதுங்க."

"தேடு. அதுக்குன்னு ஒரு பொத்தான் இல்லாமலா போவும்?"

விபத்துக்குப் பிறகு அவர் அவ்வளவு பேசியது அன்றுதான். இருவருமாகத் தேடிக் கண்டுபிடித்து, சுற்றைப் பன்னிரண்டில் முடித்தோம். பிறகு அவர் வாயால் அடிகளைச் சொல்லச் சொல்ல, நான் அழுத்தினேன். "இங்க லேசா... இந்த எடத்துல ஒண்ணுமே வேணாம், காலியா விடு." அந்தக் காலி இடத்தில்தான் தாளத்துக்கு உயிர் வந்தது.

அடுத்து செர்டாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக் கல்யாணம், பகல் விருந்து. வரமாட்டேன் என்றவரை வம்பு பண்ணி அழைத்துப் போனேன். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். பெட்டியை முடுக்கினேன். கொஞ்ச நேரத்தில் பந்தியில் இருந்தவர்கள் எச்சில் கையோடு எழுந்து ஆடினார்கள். மாப்பிள்ளையின் மாமா மேடையோரம் வந்து, "யாருலா அடிக்கிறது? ஆளையே காணோம்!" என்றார்.

தலைவர் பெட்டியைக் காட்டக் கை நீட்டினார். நான் முந்திக்கொண்டேன்.

"அதோ, கடைசியில உக்காந்திருக்காரே, என் வீட்டுக்காரரு. இது அவரு அடி."

மாமா அவரிடம் போனார். கையைப் பார்த்தார். அந்தக் கையையே பிடித்துக் குலுக்கினார். அடுத்த பாட்டுக்குள் என் கணவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு வந்து, "நவுரு. வேகத்தக் கொஞ்சம் கூட்டு" என்றார்.

எத்தனையோ பேர் சொன்ன ஆறுதலுக்கு எழாத மனிதரை, சரியாக வராத ஒரு தாளம் எழுப்பியது. அதிலிருந்து, துவண்டு கிடப்பவரைப் பார்த்தால், அவரால் மட்டுமே சரிசெய்ய முடிகிற ஒரு வேலை எங்கே இருக்கிறது என்றுதான் என் கண் தேடுகிறது.