அந்த ஆயிரம் பேரில் அக்கா இல்லை

மாலை வகுப்பில் நிபந்தனை நிகழ்தகவு படிப்பித்துத் தொண்டை கட்டிப்போயிருந்தது. வெள்ளவத்தை வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே பார்த்தேன், கொட்டாஞ்சேனையிலிருந்து அக்கா வந்து குந்தியிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

“மாரில எடுத்த படத்தில என்னவோ தெரியுதாம். நாளைக்கு ஊசி குத்திச் சதை எடுத்துப் பாக்கப்போகினமாம்,” என்றாள். “அந்த மெஷின் இருக்கிற கான்சரைத் தப்பவிடாதாம். அப்ப எனக்கு இருக்குத்தானே?”

எனக்கு அலுப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. விடிந்தால் பொழுதுபட்டால் பிள்ளைகளிடம் இதே பிழையைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறேன். நோய் இருந்தால் படத்தில் தெரியும் என்பது ஒன்று. படத்தில் தெரிந்தால் நோய் இருக்கிறது என்பது வேறொன்று. தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பயந்தால் நான் என்ன செய்வது?

“இஞ்ச பார். ஒரு குணங்குறியும் இல்லாத ஆயிரம் பொம்பிளையள் படம் எடுக்கினம் எண்டு வை. சும்மா ஒரு கணக்குக்கு, அதில பத்துப் பேருக்கு நோய். பத்துப் பேரும் பிடிபடுவினம். ஆனா நோயில்லாத ஆக்களிலயும் ஒரு நூறு பேரை மெஷின் வீணாப் பயமுறுத்தும். திருப்பிக் கூப்பிடுற நூற்றுப்பத்துப் பேரில பத்துப் பேருக்குத்தான் உண்மையில இருக்கு. விளங்குதா?”

“ஓம்,” என்றாள். முகம் தெளியவில்லை.

“இன்னும் என்ன?” என்று சினந்தேன்.

“நான் அந்த ஆயிரம் பேரில இல்லை. கட்டி கைக்குத் தட்டுப்பட்டுத்தான் போனனான். போன வருசம் நத்தார்ப் பண்டிகைக்கு முன்னமே தட்டுப்பட்டது.”

அவளுடைய மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். தாய்க்கு இந்தக் கான்சர் வருத்தம் என்று வெளியில் கசிந்தால், பெண்ணுக்கும் வரும் என்று மாப்பிள்ளை வீடு கழன்றுவிடும். அதனால் அத்தானிடமும் சொல்லவில்லை. டொக்டரிடம்கூட, சும்மா செக் பண்ண வந்தேன் என்றிருக்கிறாள். எங்கள் சனத்தின் புத்தி. கத்தவேண்டும் போலிருந்தது; கத்தச் சீவன் இல்லை.

“அப்ப என்ர கணக்கு எவ்வளவு வரும்?” என்று கேட்டாள்.

“தெரியாது,” என்றேன். எவ்வளவு என்றுதான் தெரியாது. நூற்றுப்பத்தில் பத்தைவிடக் கூட என்று தெரியும்.

“அப்ப நாளைக்குப் போகாம விடுவம். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்து போகட்டும்.”

“போறாய்,” என்றேன். “நானும் வாறன். கட்டியைப் பற்றி டொக்டரிட்ட நீயே சொல்லுறாய்.”

அதற்குப் பிறகுதான் அக்கா அழுதாள். எனக்கும் பயமாக இருந்தது.