கெர்ட்ரூட் பார்க்கும் கண்கள்

"மேல பாருங்க அங்கிள், இன்னும் மேல. ஃபேனப் பாருங்க லா! என்னை ஏன் பாக்குறீங்க, நான் என்ன சினிமாக்காரியா?" என்று சொல்லிக்கொண்டே கீழ் இமையை இழுத்து ஒரு சொட்டு விட்டுவிடுகிறார் கெர்ட்ரூட். அங்கிள் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த கண்ணும் முடிந்துவிடும். ஜொகூரின் உலு திராமில் கடைவீட்டு மாடியிலிருக்கும் அந்தக் கண் கிளினிக்கில், டாக்டரிடம் போகுமுன் எல்லோரும் இவர் கையைத் தாண்டித்தான் போகவேண்டும்.

சொட்டு வேலை செய்யும்வரை வந்தவர்கள் சும்மா இருப்பதில்லை. எதற்கு இது என்று கேட்டே தீருவார்கள். அவருக்கும் சொல்வதில் கொள்ளை ஆசை.

"நடுவுல கறுப்பா இருக்குல்ல, அது ஓட்டைதான். அது வழியாத்தான் வெளிச்சம் உள்ள போகுது. அதைச் சுத்தி ரெண்டு தசை. ஒண்ணு சுருக்குப்பைக் கயிறு மாதிரி இழுத்து மூடும், இன்னொண்ணு குடைக்கம்பி மாதிரி விரிச்சு விடும். வெயில்ல போனா சுருங்கும், இருட்டுல விரியும். பயந்தாலும் விரியும், புடிச்சவங்களப் பாத்தாலும் விரியும். நீங்க சொன்னா கேக்காது, அதுபாட்டுக்கு வேலை செய்யும். இந்தச் சொட்டு அந்தக் கயித்தத் தூங்க வச்சிரும். அப்பத்தான் டாக்டர் உள்ள நல்லா பாக்கலாம். கொஞ்ச நேரத்துக்கு வெளிச்சம் கூசும், ஃபோன்ல எழுத்து தெரியாது. காடி மட்டும் ஓட்டிராதீங்க."

வெளியிலும் அவர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, கண்ணைத்தான் பார்ப்பார். மாதா கோயிலில் கைகுலுக்க வருகிறவர்கள் கூச்சப்பட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். மறதியும் உண்டு. யூனிஃபார்ம் பாக்கெட்டில் போட்ட சொட்டு மருந்துப் புட்டி அடிக்கடி அவரோடு வீட்டுக்கு வந்துவிடும். மறுநாள் கொண்டுபோய் வைப்பார். கிளினிக்கில் கேலி செய்வார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார்.

இத்தனை கண் பார்த்தவருக்கு மகன் கண்ணைப் பார்க்க ஒரு வருஷம் ஆயிற்று. அட்ரியன் போதைப் பொடிக்குப் பழகியிருந்தான். பொடி உள்ளே போனால் கண்மணி இருட்டிலும் குண்டூசித் தலையளவுக்குச் சுருங்கியே நிற்கும். அப்படியொரு கண் அவர் வீட்டிலேயே இருந்தது, அவருக்குத்தான் தெரியவில்லை. அந்த எரிச்சல் இன்றும் அடங்கவில்லை, அதிலும் பாதி தன்மேல்தான்.

மறுவாழ்வு மையத்திலிருந்து அவன் திரும்பிய நாளிலிருந்து வீட்டில் ஒரு வழக்கம். டயர் கடை வேலை முடிந்து அவன் வந்ததும், உட்காரவைத்து விளக்கை அணைப்பார். கொஞ்ச நேரம் கழித்து ஃபோன் வெளிச்சத்தை ஓரமாகக் காட்டிப் பார்ப்பார். கண்மணி விரிந்திருந்தால் சோறு போடுவார். "போலீஸ் வீடா மம்மி இது?" என்பான் அவன். பெக்கோக்கில் கட்டிக்கொடுத்த மகள் அபிகெயில் கறாராகச் சொல்லியிருந்தாள்: "இன்னொரு தடவை விழுந்தான்னா நீங்களே சென்டருக்கு ஃபோன் அடிங்க. மூடி மறைச்சீங்கன்னா என் பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு அந்த வீட்டுக்கு வரவே மாட்டேன்." கெர்ட்ரூட் சரி என்று வாக்குக் கொடுத்திருந்தார். அட்ரியனுக்கும் அது தெரியும்.

போன ஞாயிறு காலை, பூசைக்குக் கிளம்பும் நேரம். அவனாகவே வந்து முன்னால் உட்கார்ந்தான்.

"நேத்து லேட்டா வந்தேன்ல, நீங்க பாக்கல. இப்பப் பாருங்க."

திரையை இழுத்துவிட்டுப் பார்த்தார். இரண்டு கண்மணியும் வட்டமாக, பெரிதாக விரிந்திருந்தன. அவருக்கு வயிறு குளிர்ந்தது. குனிந்து மகன் நெற்றியில் முத்தமிட்டார்.

அப்போது அவன் ஃபோனில் ஏதோ செய்தி வந்தது. எடுத்தவன் அதைக் கிட்டே வைத்துப் பார்த்தான், தள்ளிவைத்துப் பார்த்தான், கடைசியில் கையை நீட்டிக் கண்ணை இடுக்கினான். கிளினிக் பெஞ்சில் தினமும் பார்க்கிற காட்சி அது. கெர்ட்ரூட் அவன் மணிக்கட்டைப் பிடித்து வாசலுக்கு, சுள்ளென்ற வெயிலுக்கு, இழுத்துவந்தார். அவன் கண்ணில் நீர் கொட்டியது. கண்மணி விரிந்தது விரிந்தபடியே நின்றது.

"என் சொட்ட எடுத்து விட்டியா?"

"ஒரே ஒரு தடவைதான் மம்மி. மறுபடி தொட மாட்டேன், சத்தியமா."

"எத ஒரு தடவை? சொட்டா, பொடியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தச் சொட்டு என்ன செய்யும் என்று அவன் வெளியில் போய்க் கற்கவில்லை. சின்ன வயதில் மடியில் உட்காரவைத்து, சுருக்குப்பை, குடைக்கம்பி என்று பெருமையாகச் சொல்லிக்கொடுத்தவர் இவர்தான். கிளினிக்கில் நாளைக்கு எந்த முகத்தோடு அதே விளக்கத்தைச் சொல்வது என்று நினைத்தபோது வாய் கசந்தது. ஒரு கணம் அவனை அடிக்கவே கை ஓங்கினார். பிறகு ஃபோனை எடுத்தார்.

"மம்மி, வேணாம் மம்மி. அக்காகிட்ட ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்கலாம். சென்டர் வேணாம்."

அவன் செருப்பு வைக்கும் படியில் உட்கார்ந்துவிட்டான். கண்ணைத் திறக்கவும் முடியவில்லை, மூடினாலும் வெயில் இமையைச் சுட்டது. எதிர்முனையில் யாரோ எடுத்தார்கள்.

"ஹலோ, சென்டரா? நான் கெர்ட்ரூட் பேசுறேன். அட்ரியனோட மம்மி... ஆமா, திரும்பவும்தான். இன்னிக்கே வந்து கூட்டிட்டுப் போங்க."

குரல் கொஞ்சமும் உடையவில்லை. வலது கை ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தது. இடது கையை விரித்து, வெயில் படாதபடி, மகன் கண்களுக்கு மேலே மறைவாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.