ஐந்து பேருக்கான பாய்

திறந்தவெளிக் கச்சேரிக்குப் போகிறவர்கள் முதலில் என்னிடம்தான் யோசனை கேட்பார்கள். அலோர் காஜாவில் நான் வேலை பார்க்கும் இரும்புச் சாமான் கடைக்கு ஆணி வாங்க வந்தவர்கூட மேசையில் சாய்ந்துகொண்டு, "அண்ணே, சனிக்கிழம மலாக்கா கச்சேரிக்குக் குடும்பத்தோட போறோம், காடி எங்க போடறது?" என்று ஆரம்பிப்பார். நானும் விடமாட்டேன். காரை எங்கே நிறுத்துவது, எந்தச் செருப்பைப் போடுவது, குடையை ஏன் வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது என்று சொல்லிக்கொண்டே போவேன். முதலாளி தொண்டையைக் கனைத்த பிறகுதான் ஆணியை எடை போடுவேன்.

எனக்கு இவ்வளவு தெரிந்ததற்குச் சங்கீத ஞானம் காரணமில்லை. நான் தனியாகப் போகிறவன், அவ்வளவுதான். குடும்பத்தோடு போகிறவனுக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. தண்ணீரை அவன் மறந்தால் மனைவி கொண்டுவந்திருப்பாள். கார் நிறுத்திய இடம் மறந்துபோனால் மச்சானுக்கு ஞாபகம் இருக்கும். தனியாகப் போகிறவன்தான் எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். முக்கியமாகக் கழிப்பறையை. பாயை விரித்து உட்கார்ந்தபின் எழுந்து போனால் திரும்பி வரும்போது இடம் இருக்காது; பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. அதனால் கச்சேரி நாளில் மத்தியானத்துக்கு மேல் நான் தண்ணீர் குடிப்பதில்லை. உதட்டை நனைத்துக்கொள்வதோடு சரி. இந்த ஒரு யோசனையை மட்டும் யாருக்கும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள், இல்லாவிட்டால் பாவம் என்பார்கள். பாவம் என்பது இன்னும் மோசம்.

வெளிநாட்டுக்காரர்கள் கோடைக்காலத் திருவிழா என்று புல்லில் படுத்துக்கொண்டு பாட்டுக் கேட்பதைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். நமக்கேது கோடை? வருஷம் முழுக்க வெயில், நினைத்தால் மழை. ஆனாலும் பள்ளி விடுமுறை வந்தால் போதும், மலாக்காவில் கடலில் மண் கொட்டி நிரப்பிய அந்தப் பெரிய திடலில் மேடை எழும்பிவிடும். அங்கே நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. சாயங்காலம் வரை வெயில் மண்டையைப் பிளக்கும், பிறகு கடற்காற்று வந்து சமாதானம் பேசும். மத்தியானத்திலிருந்து ஒருவர் மாற்றி ஒருவர் பாடிக்கொண்டே இருப்பார்கள்.

போன வருஷம் அப்படி ஒரு கச்சேரிக்குச் சில நாள் இருக்கும்போது என் மகள் போன் செய்தாள்.

நானும் அவள் அம்மாவும் பிரிந்தபோது அவள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். அம்மாவோடு கோலாலம்பூர் போனாள், அங்கேயே படித்தாள், இப்போது அங்கேயே வேலை. தீபாவளிக்கு மறுநாள் பாயா ரும்புட்டில் நான் இருக்கும் வாடகை வீட்டுக்கு வருவாள், சாப்பிடுவாள், மூன்று மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவாள். நல்ல பிள்ளை. எங்களுக்குள் சண்டை கிடையாது. பேசுவதற்குத்தான் ஒன்றும் கிடையாது. சாப்பிட்டியா, சாப்பிட்டேன்ப்பா, வேலை எப்படி, ஓகேப்பா. அதற்குமேல் இரண்டு பேரும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அப்படிப்பட்டவள் அன்றைக்கு, "ப்பா, மலாக்கா கச்சேரிக்கு நாங்க நாலு பேரு வர்றோம். எல்லாருக்கும் ஃபர்ஸ்ட் டைம்லா. நீங்கதான் எக்ஸ்பர்ட்டாமே, அத்த சொன்னாங்க. டிப்ஸ் சொல்லுங்க" என்றாள். அத்தை என்றது என் தங்கையை. தங்கை வாழ்க.

நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து சொன்னேன். சின்னத் துண்டு ஒன்றை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொள், தொப்பியைவிட அதுதான் உசத்தி. குடை கொண்டுவராதே, வாசலில் பிடுங்கிக்கொள்வார்கள், பிளாஸ்டிக் மழைச்சட்டை போதும். புதுச் செருப்பு வேண்டாம். சீக்கிரமே வந்துவிடு. கூட்டம் சேர்ந்ததும் போனில் லைன் கிடைக்காது, அதனால் ஒரு அடையாளத்தை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ள வேண்டும். வாசலுக்கு இடப்பக்கம் உள்ள உயரமான விளக்குக் கம்பம்தான் நம் அடையாளம். கூட்டம் நெருங்கிய பிறகு யாரையும் தேடிக்கொண்டு அலையாதே, இருக்கிற இடத்திலேயே இரு. தேடப் போகிறவர்கள்தான் தொலைந்துபோகிறார்கள். கடைசிப் பாட்டுக்கு முன்னால் கிளம்பிவிடு, இல்லாவிட்டால் ஜாமில் மாட்டிக்கொண்டு விடியும்வரை திடலிலேயே கிடக்க வேண்டியதுதான்.

அவள் நடுநடுவே "ஓ", "ஆமாலா", "இது நல்லாருக்கேப்பா" என்றாள். தோழிகளிடம் எடுத்துச் சொல்கிற சத்தமும் கேட்டது. என் மகள் என்னோடு அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை.

அந்தச் சந்தோஷத்தில் நான் துணிந்துவிட்டேன். "நான் மத்தியானமே போயி எடம் புடிச்சி வக்கிறேன். சவுண்ட் கூடாரத்துக்குப் பக்கத்துல. அங்கதான் சத்தம் சுத்தமா கேக்கும். நீங்க நாலு பேரு, நான் ஒருத்தன். ஒண்ணா ஒக்காந்து கேக்கலாம்."

"ஓகேப்பா, ட்ரை பண்றோம்" என்றாள்.

அந்த ட்ரையை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பாட்டு. அவளும் நானும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரு பாட்டைக் கேட்க வேண்டும். மேடையில் யாராவது பாடிக்கொண்டிருந்தால் நாங்கள் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. சும்மா பக்கத்தில் இருந்தால் போதும். தீபாவளிக்கு மறுநாள் காற்றாடிக்குக் கீழே எங்களுக்குக் கிடைக்காத சௌகரியம் அது.

பாயா ரும்புட்டில் இரவில் போடும் பசார் மாலாம் சந்தையில் பெரிய பிளாஸ்டிக் பாய் ஒன்று வாங்கினேன். என்னிடம் இருந்தது ஒற்றைப் பாய். வீட்டுக்கு வந்து கூடத்தில் விரித்துப் பார்த்தேன். ஐந்து பேர் தாராளமாக உட்காரலாம், கால் நீட்டலாம். நான் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சுருட்டி வைத்தேன். இதையெல்லாம் யாரும் பார்க்கவில்லை என்பதால்தான் எழுத முடிகிறது.

கச்சேரி அன்று மத்தியானம் கதவு திறந்த கையோடு உள்ளே போய்ச் சவுண்ட் கூடாரத்துக்குப் பக்கத்தில் பாயை விரித்துவிட்டேன். ஒரு மூலையில் பை, ஒரு மூலையில் செருப்பு, ஒரு மூலையில் தண்ணீர்ப் போத்தல், ஒரு மூலையில் முறுக்கு டின். நடுவில் நான். ரப்பர் தோட்டத்துத் திடலில் படம் போட்ட காலத்திலிருந்து எங்கள் ஆட்களுக்கு இது தெரியும். பாய் விரித்துவிட்டால் அது அந்த வீட்டு இடம், யாரும் மிதிக்க மாட்டார்கள். ஆனால் கேட்பார்கள்.

"அண்ணே, ஆள் வருதா?"

"வருது, வருது. நாலு பேரு."

வெயில் இறங்க இறங்கக் கூட்டம் ஏறியது. சுற்றிலும் பாய்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டன. என் பாயில் மட்டும் வெற்றிடம் பளபளவென்று தெரிந்தது. கேட்கிறவர்களின் குரலும் மாறிக்கொண்டே வந்தது. முதலில் மரியாதையாகக் கேட்டார்கள், பிறகு சந்தேகமாகக் கேட்டார்கள், கடைசியில் ஓர் இளைஞன், "எங்க அங்கிள் ஆளு, பேயா வருது?" என்று கேட்டுவிட்டுப் போனான். எனக்குக் கோபம் வந்தது. வாயில் வந்ததை முறுக்கோடு சேர்த்து மென்று விழுங்கினேன். போனில் லைன் இல்லை. நான் முன்கூட்டியே சொன்னதுதான். என் சொல் பலித்ததில் எனக்கே எரிச்சல்.

மக்ரிப் நேரம் வந்தது. பள்ளிவாசல் பாங்குக்காக மேடையில் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். அத்தனை கூட்டமும் குரலைத் தாழ்த்திக்கொண்டது. கடலின் சத்தம்கூடக் கேட்டது. வீடியோ அனுப்புகிறவர்கள் ஓய்ந்ததாலோ என்னவோ, அந்த நேரத்தில் லைன் வந்து என் போன் சட்டைப்பைக்குள் துடித்தது.

மகளுடைய செய்தி. வெகுநேரத்துக்கு முன்பே அனுப்பியிருக்கிறாள். "ப்பா, நீங்க சொன்ன மாதிரியே சீக்கிரம் வந்துட்டோம். ஸ்டேஜ் முன்னால சூப்பர் இடம் கெடச்சிருச்சி. இப்ப பின்னால ஃபுல் கூட்டம். நீங்க நகர வேணான்னு சொன்னீங்கல்ல, அதனால இங்கயே இருக்கோம். அப்புறம் பாப்போம்பா."

இரண்டு தடவை படித்தேன். அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை. நான் சொன்னதை ஒன்றுவிடாமல் கேட்டிருக்கிறாள். எந்த அப்பனுக்கும் பெருமையாக இருக்க வேண்டிய விஷயம்.

எழுந்து நின்று மேடைப் பக்கம் பார்த்தேன். தலைகள்தான் தெரிந்தன. போய்த் தேடலாமா என்று கால் பரபரத்தது. தேடிப் போய் என்ன சொல்வது? தோழிகளுக்கு நடுவில் குதித்துக்கொண்டிருக்கும் பெண்ணிடம் போய், பாய் விரித்து வைத்திருக்கிறேன், வந்து உட்கார் என்பதா? உட்கார்ந்துவிட்டேன். அப்போதும் ஒருவர் வந்து கேட்டார். "வர்றாங்க" என்றேன். செய்தியைப் படித்த பிறகும் அப்படித்தான் சொன்னேன்.

பாங்கு முடிந்து மேடை விளக்குகள் திரும்ப எரிந்தபோது, ஒரு பெண்ணும் அவள் கணவரும் இரண்டு சின்னப் பெண் குழந்தைகளோடு வந்து நின்றார்கள். மெர்லிமாவிலிருந்து ஒரே மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார்கள். ஒரு குழந்தை அப்பா தோளில் தூங்கிவிட்டிருந்தது.

"அண்ணே, ஆள் வருதா? ஓரமா இவங்கள மட்டும் ஒக்கார வச்சிக்கிறோம்."

தோளில் தூங்கிய குழந்தையைப் பார்த்தேன்.

"யாரும் வரலம்மா. ஒக்காருங்க."

அதைச் சத்தமாகச் சொன்ன பிறகுதான் அது எனக்கே உறைத்தது. முறுக்கு டின்னை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவர்கள் உட்கார்ந்தார்கள், குழந்தையைப் படுக்க வைத்தார்கள், எனக்கும் ஒரு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை நீட்டினார்கள். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண், "டாய்லட் போறதுனா போயிட்டு வாங்கண்ணே, எடத்த நாங்க பாத்துக்கிறோம்" என்றாள். எத்தனையோ கச்சேரிக்குப் போயிருக்கிறேன், என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. போய்விட்டு வந்தேன். திரும்பி வந்தபோது என் இடம் அப்படியே இருந்தது. ஒரு போத்தல் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தேன்.

பிறகு ஒரு மெதுவான பாட்டு. மேடைக்கு இரண்டு பக்கமும் இருந்த பெரிய திரையில் கூட்டத்தைக் காட்டிக்கொண்டு வந்தார்கள். கையை ஆட்டுகிறவர்கள், போனைத் தூக்கிப் பிடிக்கிறவர்கள், கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறவர்கள். திடீரென்று திரை நிறைய என் மகள். கழுத்தில் நனைந்த துண்டு. வாயைப் பெரிதாகத் திறந்து பாடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தப் பாட்டு முழுக்கத் தெரிந்திருந்தது. அவளுக்கு என்ன பாட்டுப் பிடிக்கும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"அது என் பொண்ணு" என்றேன் பக்கத்தில் இருந்த பெண்ணிடம்.

"எங்கண்ணே?" என்று அவள் நிமிர்ந்து பார்த்தாள். அதற்குள் திரையில் வேறு யாரோ வந்துவிட்டார்கள்.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் கிளம்புவது என் சட்டம். அன்று நான் கிளம்பவில்லை. அப்புறம் பார்ப்போம் என்று எழுதியிருந்தாளே. மெர்லிமாவுக்காரர்கள் விடைபெற்றுப் போன பிறகு, பாயைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு விளக்குக் கம்பத்தடியில் போய் நின்றேன். கடைசிப் பாட்டும் முடிந்து கூட்டம் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. கழுத்தில் துண்டு போட்ட ஒவ்வொரு பெண்ணையும் பார்த்தேன். கூட்டம் கலைந்த பிறகுதான் மறுபடி லைன் வந்தது.

"ப்பா, நீங்க சொன்ன மாதிரி லாஸ்ட் பாட்டுக்கு முன்னாலயே கெளம்பிட்டோம். ஜாமே இல்லலா! டோல் தாண்டியாச்சி. செம டிப்ஸ்பா. தீபாவளிக்குப் பாப்போம்."

பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததும் செய்தி போடு என்று பதில் அனுப்பினேன். காரை எடுத்து, பாயைப் பக்கத்து இருக்கையில் சாய்த்துவைத்து, எல்லாரையும் எச்சரிக்கும் அதே ஜாமில் போய் நின்றுகொண்டேன்.

சில மாதம் கழித்து அவளே மறுபடி போன் செய்தாள். கோலாலம்பூரில் வேறொரு கச்சேரியாம், வேலையிடத்துத் தோழி ஒருத்திக்கு டிப்ஸ் வேண்டுமாம். துண்டு, மழைச்சட்டை, செருப்பு என்று எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். கடைசிப் பாட்டுக்கு முன்னால் கிளம்புவதையும் சொன்னேன். பிள்ளைகள் பத்திரமாக வீடு போய்ச் சேர வேண்டுமே.

வைக்கப்போகும்போது கேட்டாள். "அன்னிக்கு நாங்க வரலல்ல, உங்க எடம் காலியா கெடந்துச்சாப்பா?"

"இல்லம்மா. பாய் நெறஞ்சிருச்சி."

"அப்ப ஓகேலா. நீங்க தனியா இருந்திருப்பீங்களோன்னு நெனச்சேன்."

இப்போதும் கச்சேரிக்குப் பெரிய பாயைத்தான் எடுத்துக்கொண்டு போகிறேன். யாராவது வந்து கேட்டால், ஆள் வருது என்று சொல்கிறேன். பாங்கு முடியும்வரை யாருக்கும் இடம் கொடுப்பதில்லை.