மண்ணெண்ணெய் ரைமிங்

கோண்டாவில் மதகடியில் காரை ஓரங்கட்டி, பொனற்றைத் திறந்து கம்பியால் முட்டுக்கொடுத்துவிட்டு, உதயகலா ரீச்சர் மதகுக் கட்டில் அமர்ந்து கொப்பி திருத்தத் தொடங்குவார். ரேடியேற்றர் ஆறப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். அதற்குள் ஒன்பதாம் வகுப்புக் கணிதக் கொப்பிகளில் ஏழெட்டு முடிந்துவிடும். காலடியில் ரேடியேற்றருக்கு ஊற்றத் தண்ணீர்க் கான். வீதியால் போகிற யாராவது மோட்டார்சைக்கிளை நிறுத்தி, "என்ன ரீச்சர், பழுதோ?" என்று கேட்டால், சிவப்புப் பேனையைக் கொப்பியிலிருந்து எடுக்காமலே பதில் வரும்: "பழுதில்லை. இளைக்குது. நானும் இளைக்கிறன்தானே."

பிழையான கணக்கின் கீழே அவர் 'பிழை' என்று எழுதுவதில்லை. இன்னொரு தரம் கவனமாகப் பார்க்கட்டும் என்று 'வடிவாப் பார்' எழுதுவார். வயது ஐம்பத்தொன்பது. வரும் ஆண்டு ஓய்வு. யாழ்ப்பாணம் நகரத்தில் படிப்பித்துவிட்டு உரும்பிராய்க்குத் திரும்பும் இந்த வழியில், வெயில் நாளில் இரண்டு தரமும் மழை நாளில் ஒரு தரமும் நிற்பார். ஆள் கட்டை. ஸ்ரியரிங்குக்கு மேலால் வீதி தெரியவேண்டும் என்பதற்காக இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றின்மேல் இருந்துதான் ஓட்டுவார். கியர் மாற்றும்போது "ம், ஏறு" என்று காருக்குச் சொல்வார். ரிவேர்ஸ் எடுப்பது மட்டும் அவருக்குப் பிடிக்காது. ஒழுங்கைக்குள் நேராக நுழைவதற்காகக் கோயிலைச் சுற்றிக்கொண்டு வருவார். அவருடைய வேலிக்கு அடுத்த பக்கம் குடியிருப்பவன் நான் என்பதால், அந்தச் சாம்பல் நிற ஒஸ்ரின் கார் பிள்ளையாரை வலம்வருவதைப் பதினான்கு வருடமாகப் பார்த்துவருகிறேன்.

கார் அவருடைய கணவர் கேதீஸ்வரனுடையது. உரும்பிராய்ச் சந்தியில் வாடகைக்கு ஓட்டியவர் அவர்; திருத்த வேலையும் தானே செய்வார். எண்பத்தொன்பதில் கலியாணம். அடுத்த ஆண்டே யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றுபோனது. ஊரிலிருந்த வாகனங்கள் எல்லாம் மண்ணெண்ணெய் குடிக்கப் பழகிய காலம் அது. நாலு துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, எழும்பியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அதற்கு ரைமிங்கையும் மாற்றவேண்டும். சிலிண்டருக்குள் எந்தக் கணத்தில் பொறி விழவேண்டும் என்பதுதான் ரைமிங். மண்ணெண்ணெய்க்கு அந்தப் பொறி சற்றுப் பிந்தி விழவேண்டும். பிந்தாவிட்டால் எஞ்சின் இடிக்கும். கேதீஸ்வரன் பிந்த வைத்து இறுக்கினார். அப்படியே ஏழு வருடம் ஓட்டினார்.

தொண்ணூற்றேழில் வெளிநாட்டுக்கு என்று புறப்பட்டார். புறப்படுகிற காலையில் காரைத் தார்ப்பாய்ப் படங்கால் மூடிக்கொண்டே சொன்னதை ரீச்சர் அதே குரலில் சொல்லிக் காட்டுவார்: "பெற்றோல் தாராளமா வந்தாப் பிறகு ரைமிங்கை மாத்தவேணும். நான் வந்து மாத்திறன். வேறை ஒருத்தரையும் தொட விடாதை."

கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிறகு ஆபிரிக்கத் துறைமுகம் ஒன்றிலிருந்து இன்னொன்று: பத்துப் பேர் ஒரே அறையில், கப்பலுக்காக நிற்கிறோம், சோறு பரவாயில்லை. அதற்குப் பிறகு கடிதம் இல்லை. அந்தப் பத்துப் பேரில் ஒருவரும் எங்கும் போய்ச் சேர்ந்ததாகத் தகவல் இல்லை. பிள்ளைகளும் இல்லை. பள்ளிக்கூடத்தில் படிவம் நிரப்பும்போது 'கணவரின் தொழில்' என்ற இடத்தில் ரீச்சர் இன்றைக்கும் 'வாடகைக்கார்ச் சாரதி' என்று எழுதுகிறார்.

சண்டை ஓய்ந்து, பாதை திறந்து, பெற்றோல் தாராளமாக வந்தது. ரீச்சர் கார் ஓட்டப் பழகினார். ஆனால் எஞ்சின் இன்னும் மண்ணெண்ணெய்க் கணக்கில்தான் பொறி விட்டுக்கொண்டிருந்தது. அதனால் இழுவை இல்லை, சூடு கூட, இரண்டு மைலுக்கு ஒரு தரம் கொதி. கராஜ் வைத்திருக்கும் பிரகலாதன் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனார்.

"ரீச்சர், ரைமிங் நல்லாப் பிந்திக் கிடக்குது. ரெண்டு நிமிச வேலை. ஒரு நட்டை இளக்கினாச் சரி."

"நீங்கள் பிளக்கை மட்டும் துடைச்சு விடுங்கோ அண்ணை. உதிலை கை வைக்கவேண்டாம்."

இந்தப் பங்குனியில் ஒரு மத்தியானம், என் வீட்டுக்கு எதிர்வீட்டுப் பெண் ஆரபிக்குப் பன்னீர்க்குடம் உடைந்தது. அவளுடைய புருசன் கட்டாரில். சந்தியில் ஓட்டோ ஒன்றும் இல்லை. விடுமுறை நாள் என்பதால் ரீச்சர் வீட்டில் இருந்தார். ஈரத் தலையோடு வந்து காரை எடுத்தார். "பதகளிப்படாதை பிள்ளை. இந்தா போயிடுவம்." நான் முன்சீற்றில் ஏறினேன்.

திருநெல்வேலிச் சந்தைக்கு முன்னால் கார் கொதித்து நின்றது. பொனற்றின் இடுக்கால் ஆவி. பின்சீற்றிலிருந்த ஆரபி, ரீச்சரின் சேலைத் தலைப்பை முன்னால் எட்டிப் பிடித்துக்கொண்டு, "ரீச்சர், என்னாலை ஏலாது, என்னாலை ஏலாது" என்றாள். நான் வீதியின் நடுவில் நின்று கையை விரித்து ஓர் ஓட்டோவை மறித்தேன். அதில் இருந்த மரக்கறி மூட்டைகளை இறக்கிவிட்டுத்தான் அவளை ஏற்றினோம். ஆஸ்பத்திரி வாசலைக் கடந்து கால் மணி நேரத்தில் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம்.

ஊரில் எவரும் ரீச்சரை ஒன்றும் சொல்லவில்லை. ஆரபியின் தாய் கற்கண்டு கொண்டுவந்து கொடுத்தார். ரீச்சர்தான் மூன்று நாள் காரை எடுக்காமல் பஸ்ஸில் போய்வந்தார். நான்காம் நாள், சனிக்கிழமை காலை, வேலிக்கு மேலால் தலை தெரிந்தது.

"தம்பி, உங்களுக்குக் கம்பி போட்டு எஞ்சின் சுத்தத் தெரியுமோ?"

போனேன். முற்றத்தில் சாக்கு விரித்திருந்தது. அதன்மேல் ஸ்பானர் மூன்று, இரண்டு வயர் பொருத்திய சிறிய பல்ப், எண்ணெய் ஊறிப்போன ஆங்கிலப் புத்தகம். கேதீஸ்வரனின் புத்தகம் அது. ஓரங்களில் ரீச்சரின் பென்சில் எழுத்து தமிழில். எழுத்தின் மங்கலைப் பார்த்தால் பல வருடத்துக்கு முந்தியது. படித்துத்தான் வைத்திருந்திருக்கிறார்.

"அவர் தொட விடாதை எண்டவர் எண்டு சொன்னீங்கள்" என்றேன்.

"வேறை ஒருத்தரையும் தொட விடாதை எண்டவர்." ரீச்சர் சேலையை இழுத்துச் செருகினார். "நான் வேறை ஆளோ?"

முதல் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையைப் பெருவிரலால் அடைத்துக்கொண்டார். நான் காரின் முன்னால் குந்தியிருந்து, எஞ்சினைக் கையால் சுழற்றும் கம்பியைச் சுற்றினேன். "மெல்ல... மெல்ல... காத்துத் தள்ளுது, நில்லுங்கோ!" கப்பியில் உள்ள வெட்டு, எஞ்சினில் உள்ள முனைக்கு நேரே வரும்வரை விரற்கடை விரற்கடையாக நகர்த்தச் சொன்னார். அதற்குப் பிறகுதான் அந்த நட்டு. பொறியை நாலு சிலிண்டருக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் கறுப்புச் சட்டியின் கழுத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் நட்டு அது. ரீச்சர் ஸ்பானரை மாட்டினார். மாட்டியபடி வெகுநேரம் நின்றார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தேன்.

"கடைசியா அவரின்ரை கைதான் இதை இறுக்கினது" என்றார். பிறகு, தன் பாரம் முழுவதையும் ஸ்பானரில் போட்டார். நட்டு ஒரு கீச்சுச் சத்தத்துடன் இளகியது.

பல்பின் ஒரு வயரைச் சட்டியிலும் மற்றதை எஞ்சின் உடம்பிலும் கொடுத்து, சாவியைத் திருப்பி, சட்டியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். பல்ப் எந்த இடத்தில் எரியத் தொடங்குகிறதோ அதுதான் பொறி விழும் இடம். மூன்று தரம் எரிந்தது. மூன்று தரமும் ஒரே இடம். இறுக்கினார். சுற்றியிருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்தபோது, இரும்பில் உளியால் வெட்டிய ஒரு சிறிய கோடு தெரிந்தது. பெற்றோல் காலத்தில் சட்டி நின்ற இடத்தை, மண்ணெண்ணெய்க்கு மாற்றுமுன் கேதீஸ்வரன் குறித்து வைத்திருக்கிறார். திரும்பி வந்து மாற்றும்போது தேடத் தேவையில்லாமல்.

ரீச்சரின் ரைமிங் அந்தக் கோட்டிலிருந்து நெல்லின் அகலம் விலகி நின்றது.

அவர் துணியைக் கீழே வைத்துவிட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். "கணக்குப் பிழைக்கேல்லை. நான் வடிவாப் பாத்தனான்." அப்படியே விட்டுவிட்டார்.

ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்கச் சொல்கிறது புத்தகம். யாழ்ப்பாணத்தில் ஏற்றத்துக்கு எங்கே போவது? கோப்பாயால் போய்க் கைதடிப் பாலத்தில் ஏற்றினோம். மேல் கியரில் வைத்து அக்சிலேற்றரை அமத்தியபோது, தகரப் பேணிக்குள் புளியங்கொட்டையைக் குலுக்கியதுபோல எஞ்சினுக்குள் ஒரு சத்தம். பொறி முந்தி விழுகிறது என்று அர்த்தம். பாலத்துக்கு அப்பால் நிறுத்தினோம். கடற்காற்றில் ரீச்சரின் சேலை அடித்தது.

"புத்தகம் புது எஞ்சினுக்கு எழுதினது" என்றார், எனக்கு அல்ல, எஞ்சினுக்கு. "இது கிழடெண்டு அவருக்குத் தெரியும்." நட்டை இளக்கிச் சட்டியை அந்தக் கோட்டுக்கு நேரே கொண்டுவந்து இறுக்கினார்.

பாலத்தில் திரும்பவும் ஏறினோம். தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில் சனத்தோடு சனமாக இந்த வழியால்தான் தாங்கள் வெளியேறியதாக ரீச்சர் சொன்னார். அவர் உள்ளே ஸ்ரியரிங்கைப் பிடித்திருக்க, கேதீஸ்வரன் பின்னால் நின்று காரைத் தள்ளினாராம். பாலத்தைக் கடக்க ஒரு பகல் போனதாம். இன்றைக்கு அரை நிமிடம். கார் முனகவில்லை, இடிக்கவில்லை. எறும்பைத் தட்டி விட்டதுபோல ஏற்றத்தைத் தட்டிவிட்டுப் போனது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "ரீச்சர், குதிரை மாதிரி!" என்றேன்.

அவர் காரை ஓரங்கட்டி நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டபடி இருந்தார்.

"தம்பி, கேக்குதோ?"

"ஓம் ரீச்சர். நல்ல வடிவா ஓடுது."

"அதில்லை. உந்தச் சத்தம்." குரல் தாழ்ந்தது. "கலியாணம் முடிச்ச முதல் வருசம் உந்தச் சத்தந்தான். அவர் சந்தியிலை திரும்பேக்கையே எனக்குக் கேக்கும். தேத்தண்ணிக்குக் கேத்திலை வைப்பன். பேந்து மண்ணெண்ணெய் வந்தாப்போலை சத்தம் வேறையாப் போச்சு. இப்பிடியொரு சத்தம் இருந்ததெண்டே நான் மறந்துபோனன்."

இறங்கினார். காரின் முன்பக்கம் போய், கோப்பாய்ப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பாலம் வெயிலில் வெறிச்சோடிக் கிடந்தது. உப்புவெளியில் இரண்டு கொக்குகள். எஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். பெற்றோல் வீணாக எரிகிறதே என்று நான் எட்டிச் சாவியில் கை வைத்தேன்.

ரீச்சர் திரும்பவில்லை. முதுகு எனக்குத் தெரிந்தபடியே, வலது கையை மட்டும் தோளுக்கு மேலே உயர்த்தி, உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.